60 ரூபாய்க்கு ஓடி வந்தீர்கள், 3 ரூபாய்க்கும் வாருங்கள்

தமிழ்நாட்டின் வேளாண்மை, கூட்டுறவு, உணவுத் துறைகளில் காய்கறி விலை பற்றி முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு,

தக்காளி விலை விழுந்துவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுத்தோம். பதிலும் வந்தது. தக்காளிக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலை கிடையாது, சந்தை விலையில் அரசு தலையிட வழியில்லை, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்பது அதன் சாரம். எந்த அலுவலகம், யார் கையொப்பம் என்பதை இங்கே இழுக்கவில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அதே தாளைத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆதார விலை கிடையாது என்பது சரி. தலையிட வழியில்லை என்பது சரியில்லை. வழி இருக்கிறது, அதற்குப் பணம் ஒதுக்க விதி இருக்கிறது, பக்கத்து மாநிலங்கள் செய்தும் காட்டிவிட்டன. இருப்பதை இல்லை என்று எழுதிக் கொடுத்ததால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இந்த மடலை எழுதுகிறேன்.

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. அதை ஒட்டி ஒரு ஏக்கர் குத்தகை. இந்தப் பருவத்தில் மண்டியில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்ளங்கை அகலம்தான். மேலே பிள்ளையார் சுழி, கீழே நீல மையில் கணக்கு. 25 கிலோ பெட்டி 42. பெட்டி விலை 70. மொத்தம் 2,940. நூற்றுக்குப் பத்து கமிஷன் 294. இறக்குக்கூலி பெட்டிக்கு 5 வீதம் 210. வண்டி வாடகை பெட்டிக்கு 20 வீதம் 840. அதை மண்டிக்காரரே டிரைவரிடம் கொடுத்துவிட்டு எங்கள் கணக்கில் கழித்துக்கொள்வார். மீதி 1,596. அன்றைக்குப் பறித்த எட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு 300 வீதம் 2,400 கொடுக்க வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் தக்காளியை விற்றுவிட்டு, கையிலிருந்து 804 ரூபாய் எடுத்து வைத்தோம்.

நாற்று, மல்ச்சிங் சீட்டு, சொட்டுநீர்க் குழாய், குச்சி, கட்டுக்கயிறு, உரம், ஊசிப்புழுவுக்கு அடித்த மருந்து எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. குச்சி நட்டுக் கயிறு கட்டி வளர்க்கிற தக்காளிக்கு ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. சீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள்: எங்கள் வீட்டுக்காரர் பேர் இல்லை, ஊர் இல்லை, தேதி பாதிதான் இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்தது கிலோவுக்கு 2 ரூபாய் 80 காசு. அதே வாரம் சென்னை வியாசர்பாடியில் என் நாத்தனார் கிலோ 20 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறாள். நடுவில் இருப்பதெல்லாம் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். லாரி வாடகை உண்டு, வழியில் அழுகுவது உண்டு, தள்ளுவண்டிக்காரரும் பிழைக்க வேண்டும். ஆனால் ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் சுமார் 33 காசுதான் விவசாயிக்குப் போகிறது என்கிறது. அது பொதுவான நாள் கணக்கு. விலை சரிந்த நாளில் எங்கள் பங்கு 14 காசு. விலை விழும்போது லாரி வாடகை குறைவதில்லை, கமிஷன் விகிதம் குறைவதில்லை, பெட்டி தூக்குகிற கூலி குறைவதில்லை. குறைவது எங்கள் பங்கு மட்டும்தான். சந்தையின் முழு ஆட்டத்தையும் அந்தச் சங்கிலியில் கையிருப்பு மிகக் குறைவாக உள்ளவர் தலையில் இறக்கி வைத்திருக்கிறோம். ஏற்றத்தாழ்வு எங்கே பிறக்கிறது என்று பெரிய பெரிய கூட்டங்களில் பேசுகிறவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் பாலக்கோடு பக்கம் ஒரு மண்டியில் வந்து நின்றால் போதும்.

இனி 2023க்கு வருகிறேன். அந்த ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றீர்கள். ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் அதே விலைக்குக் கொடுத்தீர்கள். பிறகு 300 கடை, ஆகஸ்டில் 500 கடை என்று மாநிலம் முழுக்க விரித்தீர்கள். நாத்தனார் வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கியதை போனில் பெருமையாகச் சொன்னாள். நல்ல காரியம்தான். கட்டட வேலைக்குப் போகிற வீட்டில் ரசம் வைக்கத் தக்காளி வேண்டும், அதை நான் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். நான் கேட்பது ஒன்றுதான். அப்போது சந்தை விலையில் தலையிட முடிந்ததே, எப்படி? எந்த ஆதார விலையைப் பார்த்து வந்தீர்கள்? எந்த மனுவுக்காகக் காத்திருந்தீர்கள்?

மத்திய அரசும் அப்படித்தான். ஆந்திரா, கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் தக்காளியைக் கொள்முதல் செய்து டெல்லியில் 90 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்து, 80, 70 என்று இறக்கி, ஆகஸ்டில் 40 வரை கொண்டு வந்தார்கள். நேபாளத்திலிருந்து இறக்குமதி செய்தார்கள். அதே ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள், டிசம்பரில் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். இத்தனையும் சந்தையில் அரசு தலையிட்டது இல்லாமல் வேறென்ன? ஆகவே அரசு சந்தையில் கை வைக்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கு முடிந்து போன வழக்கு. கை வைக்கிறீர்கள். விலை மேலே போகும்போது மட்டும் வைக்கிறீர்கள். கீழே விழும்போது அது சந்தையின் இயல்பாகிவிடுகிறது.

2023இல் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எந்தத் தொலைக்காட்சியும் ஜூலை அளவுக்குக் காட்டவில்லை. ஜூலை விலையைப் பார்த்து எங்கள் பக்கம் ராகிக்கு விட்ட நிலத்தில்கூடத் தக்காளி நட்டார்கள். நட்டு இரண்டு மாதத்தில் காய் வந்துவிடும். செப்டம்பரில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. பெட்டி விலை அடிமட்டத்துக்கு வந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல், கொல்லையில் ஆடுமாடு விட்டார்கள். ஜூலையில் யார் சம்பாதித்தார்கள்? கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருந்தவர்கள், நிழல்வலை போட வசதி உள்ளவர்கள். செப்டம்பரில் யார் இழந்தார்கள்? மழையை நம்பி, கடன் வாங்கி, அந்த விலையைப் பார்த்து நட்டவர்கள். ஒரே பயிர், ஒரே வட்டம், இரண்டு மாத இடைவெளி. முன்னவருக்கு டிராக்டர் வந்தது, பின்னவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறினார்.

விலை இல்லாவிட்டால் வேறு மண்டிக்குப் போங்கள், வேறு பயிர் போடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களுக்கு ஒரு விவரம். நாற்று வாங்கவும் குச்சி வாங்கவும் முன்பணம் தருவது யார்? மண்டிக்காரர். வட்டி என்று ஒன்றும் எழுத மாட்டார். காயை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு, அவர் பிடிக்கிற கமிஷனுக்கு. அதுதான் வட்டி. அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் தக்காளி அங்கே போவதில்லை, முன்பணம் அங்கே கிடைப்பதில்லை. 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. பெரிய உதவி, மறுக்கவில்லை. கூட்டுறவில் கடன் வாங்க முடிந்தவருக்கு அது கிடைத்தது. பட்டா இல்லாத குத்தகைக்காரர் மண்டியில் வாங்கிய முன்பணம் எந்தத் தள்ளுபடியிலும் வராது. பயிர்க் காப்பீடும் அப்படியே: மழையில் அழிந்தால் கணக்கெடுப்பார்கள், நன்றாக விளைந்து விலையில் அழிந்தால் அதற்குப் பாலிசியில் இடமில்லை.

பறிக்க வரும் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெட்டி 70 ஆகிவிட்டால் நாங்கள் பறிப்பதை நிறுத்திவிடுவோம், 804 ரூபாயாவது மிச்சமாகட்டும் என்று. அன்றைக்கு அந்த எட்டுப் பேருக்கு வேலை இல்லை. அவர்களில் இரண்டு பேருக்கு வீட்டுக்காரர் இல்லை. விலை வீழ்ச்சிக்கு இழப்பீடு என்று பேசும்போது அவர்கள் பெயர் எந்தப் படிவத்திலும் வராது. அதனால்தான் விலையையே தாங்கிப் பிடியுங்கள், பறிக்கக் கட்டுபடி ஆகிற அளவுக்காவது பிடியுங்கள் என்கிறேன்.

இப்போது அந்த வழி. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் எங்கள் மனுவை மூடியவருக்கு யாரோ சொல்லித் தர வேண்டியிருக்கிறது. ஆதார விலை இல்லாத, சீக்கிரம் அழுகும் விளைபொருளுக்கென்றே சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று மத்திய அரசிடம் ஒன்று பல காலமாக இருக்கிறது. வழக்கமான பருவத்து விலையைவிட 10 சதவீதமாவது விலை இறங்கியிருக்க வேண்டும். மாநில அரசு கேட்க வேண்டும். இழப்பை மத்தியும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அதன் விதிகளைத் திருத்தினார்கள். விளைச்சலில் 20 சதவீதம் வரை என்றிருந்த கொள்முதல் வரம்பு 25 ஆனது. பொருளைக் கொள்முதல் செய்யாமலே, அறிவித்த விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாம் என்றும் சேர்த்தார்கள். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கை விளையும் மாநிலத்திலிருந்து வெளியே அனுப்பும் போக்குவரத்துச் செலவைக்கூடத் திருப்பித் தரலாம் என்றார்கள். அழுகும் பொருளை வாங்கி எங்கே வைப்பது என்ற கேள்வி அன்றோடு போய்விட்டது. ஒரு தக்காளியைக்கூட நீங்கள் தொட வேண்டாம்.

இதில் கொக்கி எங்கே என்றால், மாநிலம் கேட்க வேண்டும். கேட்டால் பாதிப் பணம் போட வேண்டும்.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 2025 மாம்பழப் பருவமே சாட்சி. என் தாய்மாமனுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் பெங்களூரா மாந்தோப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைக்குப் போகிற ரகம் அதுதான். அந்த வருடம் கிலோ 4, 5 என்று ஆனது. வேப்பனப்பள்ளியிலிருந்து ஆந்திரமும் கிட்டே, கர்நாடகமும் கிட்டே. ஆந்திரத்தில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, ஆலை 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாயை அரசு தரும் என்றார்கள். கர்நாடகம் மத்திய அரசிடம் கேட்டு, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து, இரண்டரை லட்சம் டன் வரை வித்தியாசத் தொகைக்கு ஒப்புதல் வாங்கியது. இதற்கு நடுவே ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலத்து பெங்களூரா உள்ளே வரக் கூடாது என்று தடையே போட்டது. தங்கள் ஆளுக்குத் தரும் விலைக்கு வெளியார் காய் வந்துவிடக் கூடாது என்ற கணக்கு. கர்நாடக முதலமைச்சர் அதை எதிர்த்து ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மாமா என்ன செய்தார் தெரியுமா? காயை மரத்திலேயே விட்டார். அவர் வங்கிக் கணக்கில் எந்த அரசிடமிருந்தும் ஒரு ரூபாய் ஏறவில்லை. மூன்று மாநிலத்துக் காயும் ஒரே மாதிரிதான் பழுக்கிறது, எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் மரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

நம் அரசுக்கு இது கைவராத வேலை என்றும் சொல்ல முடியாது. ராகியைப் பாருங்கள். 2023இலிருந்து தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கிறீர்கள். அதற்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ராகியை ஆதார விலைக்கு நேரடியாக எடுக்கிறது. 2023-24இல் கிலோ 38 ரூபாய் 46 காசு, 2025-26க்கு 48 ரூபாய் 86 காசு. கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடப்பது, ஈரப்பதம் அது இது என்று திருப்பி அனுப்புவது எல்லாம் உண்டு, அதற்குத் தனி மடல் எழுதலாம். ஆனால் நிலையம் திறந்த பிறகு களத்துமேட்டுக்கு வருகிற வியாபாரியின் பேச்சே மாறிவிட்டது. அரசு எல்லா மூட்டையையும் எடுக்கவில்லை. எடுக்கும் என்ற நிலை வந்ததே போதுமாக இருந்தது. விளைவித்தவருக்கும் விலை, ரேஷன் கார்டுக்காரருக்கும் களி. ஒரே முடிவில் இரண்டு பக்கமும் பலன் பெற்ற இந்த வேலையைச் செய்த அரசு, தக்காளி என்றதும் சந்தைப் பொருளாதாரம் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் 2017இல் விலை வித்தியாசத் திட்டம் கொண்டு வந்தபோது, எப்படியும் அரசு வித்தியாசத்தைத் தரும் என்று வியாபாரிகள் விலையை இன்னும் இறக்கினார்கள் என்பது பெரிய புகார். உண்மையான ஆபத்து. குறிப்பிட்ட சில வாரங்களில் விற்றால்தான் பணம் என்று வைத்ததால் எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தார்கள். அதனால் நம் திட்டத்தில் அப்படிக் கெடு வைக்காதீர்கள், வித்தியாசத்தை ஒரு மண்டியின் சீட்டைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள், கர்நாடகத்தின் கோலார் உட்பட சுற்றுவட்டப் பெரிய சந்தைகளின் சராசரியைப் பாருங்கள். அடுத்த மறுப்பு, பணக்கார விவசாயிதான் அதிகம் வாங்குவார் என்பது. சரிதான், இருபது ஏக்கர் போடுகிறவருக்கு இருபது ஏக்கருக்கும் கொடுத்தால் அவர்தான் வாங்குவார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கீழே. அந்த அளவுக்கு வரம்பு போடுங்கள். மூன்றாவது, உழவர் சந்தை இருக்கிறதே என்பது. 1999இல் தொடங்கியதிலிருந்து அது எங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. தலைச்சுமையாகவும் டூவீலரிலும் கொண்டு போகிறவருக்கு. லாரி லாரியாக விளைகிற பயிரை அது தாங்காது.

நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் வரும் ஆலைகளுக்கு முதலீட்டு மானியம் உண்டு, மின்சார வரி விலக்கு உண்டு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை உண்டு. என் கொழுந்தனார் மகன் அங்கேதான் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான், அந்த வேலை எங்கள் வீட்டுக்கும் சோறு போடுகிறது. கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கத்தொகை, கொல்லைக்காரருக்குக் கொடுத்தால் இலவசம் என்று பெயர் வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே கேட்கிறோம். முதலில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தக்காளிக்கு இந்தப் பருவத்துக்கே சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் விலை வித்தியாசத் தொகை கேட்டு மத்திய அரசுக்குக் கருத்துரு அனுப்புங்கள். மாநிலத்தின் பாதியை எந்தத் தலைப்பில் ஒதுக்குகிறீர்கள் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். காய் முடிந்து செடியைப் பிடுங்கிய பிறகு வரும் ஒப்புதல் எங்களுக்கு உதவாது.

அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொரு முறையும் மனு எழுத வைக்காதீர்கள். கேரளம் 2020இல் 16 காய்கறி, பழம், கிழங்கு வகைகளுக்கு உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை வைத்து, எங்களையும் உட்கார வைத்து, தக்காளிக்குச் செலவுக் கணக்கெடுங்கள். பறிப்புக் கூலியை உள்ளபடி சேருங்கள். அந்த விலைக்குக் கீழே ஒரு வாரம் போனால் திட்டம் தானாகத் தொடங்க வேண்டும். ஜூலை 2023இல் எத்தனை நாளில் ரேஷன் கடைக்குத் தக்காளி வந்ததோ, அதே வேகம் போதும்.

சீட்டு விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். வித்தியாசத் தொகை வந்தாலும் எங்களால் வாங்க முடியாது, ஏனென்றால் விற்றதற்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு காய்கறி மண்டியும் விவசாயியின் பெயர், ஊர், தேதி, எடை, விலை, பிடித்த தொகை எல்லாம் அச்சிட்ட ரசீதில் தர வேண்டும் என்று உத்தரவு போடுங்கள், போட்டதைப் போய்ப் பாருங்கள். முன்பணத்தையும் அதில் எழுதச் செய்தால் பாதி நோய் வெளியே தெரிந்துவிடும்.

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறீர்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. எங்கள் ஒன்றரை ஏக்கர் இன்னும் மாமனாரின் அப்பா பேரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிறது. குத்தகை ஏக்கர் வேறொருவர் பேரில். கொல்லையில் நிற்பது நான். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, யார் சாகுபடி செய்கிறார்கள் என்று ஊர்ச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் எழுதினால் அந்த ஆளுக்குத் தொகை போக வேண்டும், நிலத்துக்காரருக்கு இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம்.

இன்னொரு வேலை, காசே செலவாகாதது. எங்கள் இரண்டு மாவட்டத்து நாற்றுப் பண்ணைகள் வாரம் எத்தனை தக்காளி நாற்று விற்கின்றன என்று தோட்டக்கலைத் துறை கேட்டு வாங்கி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளியிட்டால், இரண்டு மாதம் கழித்து எவ்வளவு காய் வரும் என்று நடுவதற்கு முன்பே தெரியும். இப்போது அது நாற்றுப் பண்ணைக்காரருக்கும் பெரிய மண்டிக்காரருக்கும் மட்டும் தெரிகிறது. சத்துணவுக்கும், பள்ளிக் காலை உணவுக்கும், அரசு விடுதிகளுக்கும் வாங்குகிற தக்காளியை விலை விழும் வாரங்களில் நேரே எங்கள் உழவர் குழுக்களிடம் எடுக்கச் சொல்லுங்கள். அளவு சிறியதுதான். ராகியில் பார்த்த மாதிரி, அரசு நிற்கிறது என்று தெரிந்தாலே ஏலத்தில் குரல் மாறும்.

மாம்பழத்துக்கு மே மாதத்துக்குள் கிருஷ்ணகிரியில் ஆலைக்காரர்களையும் தோப்புக்காரர்களையும் உட்கார வைத்து, கொள்முதல் விலையைப் பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஜூன் கடைசியில் நடக்கும் கூட்டத்துக்குக் காய் காத்திருக்காது. ஆந்திரா, கர்நாடகத்தோடு பேசி எல்லைத் தடைக்கும் ஒரு தீர்வு காணுங்கள், அதை மாமா பேச முடியாது, நீங்கள்தான் பேச முடியும்.

கடைசியாக, எங்கள் மனுவை முடித்து வைத்த அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். திட்டம் இருக்கிறது என்று எழுதுங்கள். மாநில அரசு அதைக் கேட்டிருக்கிறது, அல்லது இன்ன காரணத்தால் கேட்க முடிவெடுக்கவில்லை என்று இந்த இரண்டில் எது உண்மையோ அதை எழுத்தில் தாருங்கள். கேட்கவில்லை என்றால் அந்த முடிவை எடுத்தவரின் பதவிப் பெயரும் அதில் இருக்கட்டும். அடுத்த பறிப்பு வியாழக்கிழமை. பறிப்பதா விடுவதா என்று எட்டுப் பேருக்கும் நான் புதன்கிழமை சாயங்காலம் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்துத் தக்காளி விவசாயி ஒருத்தி